கூரை வாய்க்காலில் ஏடிஸ் புழு: எப்படி ஒழிப்பது?

வெளிநாட்டில், வெப்பமண்டல நகரம் ஒன்றில் வாடகை வீடு, மூன்றாவது மாடி. மழை தொடங்கியதிலிருந்து பகலிலேயே கொசு கடிக்கிறது. கறுப்பு உடல், காலில் வெள்ளை வளையம், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுதான். கீழ்வீட்டில் ஒருவருக்கு என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியாகிவிட்டது. எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து, பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது: முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். புகை அடித்தார்கள். அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. சீக்கிரமே பழையபடி ஆகிவிட்டது. ஜன்னலுக்கு வலை, பெரியவர்களுக்கு டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பு, குழந்தைக்குப் பகல் தூக்கத்திலும் கொசுவலை.

யாருக்கும் இன்னும் காய்ச்சல் இல்லை. வந்தால் பாராசிட்டமால் மட்டும்; ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபேன் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

கொசு பெருகும் இடம் இப்போதுதான் பிடிபட்டது. பால்கனிக்கு மேலே கூரை ஓர வாய்க்கால் சரிவு இல்லாமல் தொய்ந்திருக்கிறது. முனையில் சொட்டும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தால், புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் நெளிந்து அடியில் போகின்றன. ஏணி எட்டவில்லை, சரிவைத் திருத்த வீட்டுக்காரர் மழை நிற்கட்டும் என்கிறார்.

அதுவரை அந்த வாய்க்காலில் பிடிஐ மருந்தை (கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து), மழை அடித்துக்கொண்டு போகாதபடி எப்படி நிறுத்தி வைப்பது?