போன் இல்லாத பிள்ளைகள், கைமாறும் வீட்டுப்பாட நோட்டுகள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இது 2020 கொரோனா ஊரடங்குக் காலம்; அது தொடங்கியதிலிருந்து ஜூமில்தான் பாடம். ஜூமின் இலவசப் பதிப்பு என்பதால் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும், அதில் பத்து நிமிடம் "மிஸ், கேக்குதா?" என்பதிலேயே கழிகிறது. சரி, அதைச் சமாளித்துவிடலாம்.

பல வீடுகளில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. இரவு ஒன்பதுக்கு மேல்தான் வீட்டுப்பாடப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. பின்னக் கோடு எது, கழித்தல் குறி எது என்றே தெரியாத மங்கல். இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் கொண்டுபோகிறீர்கள்? குரல் பதிவு அனுப்பிப் பார்த்தவர்கள் உண்டா?

அப்புறம், அடுத்த வாரம் பெற்றோர் நோட்டுகளைப் பள்ளி வாசலில் தந்துவிட்டுப் போவார்களாம். என் அம்மாவுக்கு ஆஸ்துமா, அதனால்தான் பயம். முகக்கவசம், திறந்த ஜன்னல், சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுவது எல்லாம் செய்வேன். நோட்டில் சானிடைசர் அடித்தால் மை கரைந்து ஓடுகிறது (ஏற்கெனவே ஒரு நோட்டைப் பாழாக்கியாயிற்று). இரண்டு மூன்று நாள் தனியே வைத்துவிட்டுத் திருத்துகிறவர்கள் இருந்தால், யாருடையது எப்போது வந்தது என்று எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?