புதுப்பிப்பு: கனடா பி.ஆர். விஷயத்தில் என்ன முடிவெடுத்தோம்

கனடா பி.ஆருக்கு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) விண்ணப்பிக்க அழைப்பு வந்திருக்கிறது, மனைவி மருந்தாளுநர், அப்பா அம்மா திருநெல்வேலியில் தனியாக இருப்பார்கள், போகலாமா என்று கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. விண்ணப்பித்தோம், கிடைத்துவிட்டது, கிளம்புகிறோம்.

முடிவெடுக்க உதவியது, "சம்பளத்தை ஒப்பிடாதீங்க, உங்க மனைவி அங்கே உரிமம் வாங்க என்ன ஆகும்னு முதல்ல பாருங்க" என்ற யோசனைதான். பார்த்தோம். முதலில் சான்றிதழ் மதிப்பீடு, பிறகு மதிப்பீட்டுத் தேர்வு, அப்புறம் இரண்டு பகுதிகளாகத் தகுதித் தேர்வு. அதற்குமேல் மாகாணத்தின் நிபந்தனைகள். அதுவரை ஒருவர் சம்பளம் மட்டும்தான். அந்தக் கணக்கிலும் சமாளிக்க முடியும் என்று தெரிந்த பிறகே சரி என்றோம். சான்றிதழ் மதிப்பீட்டை இங்கிருந்தே தொடங்கிவிட்டோம். மனைவியின் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ்களை வைத்து உறையை ஒட்டி, மடிப்பின் மேல் முத்திரை குத்தி, அவர்களே நேராக அனுப்பினார்கள். இதற்குத்தான் அதிக அலைச்சல், சீக்கிரம் ஆரம்பியுங்கள்.

எதிர்பாராதது: பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒருமுறை வந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம். ஆனால் அழைக்கும் நமக்கு குறைந்தபட்ச வருமானம் இருக்க வேண்டும், அவர்களுக்கு குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடும் வேண்டும். சர்க்கரை நோய் இருக்கும் அப்பாவுக்கு பிரீமியம் எக்கச்சக்கம். அதையும் இப்போதே பட்ஜெட்டில் சேர்த்துவிட்டோம்.

திரும்பி வர நேர்ந்தால்? 5 ஆண்டுகளில் 730 நாள் அங்கே இருந்தால் பி.ஆர். நிபந்தனை நிறைவேறிவிடும்.