நாய்க்கு தோல் செதில் செதிலா உதிர்ந்து முடி கொட்டுச்சா? உங்க அனுபவத்த சொல்லுங்க

கருப்பி வீடு:
எங்க கருப்பிக்கு முதுகு நெடுக பொடுகு, முடியும் மெலிஞ்சு அடியில தோல் தெரிய ஆரம்பிச்சிருச்சு. ஷாம்பு மாத்துனது, மீன் எண்ணெய் கேப்சூல் குடுத்தது எல்லாம் எல்லாரும் பண்றதுதான், அத விடுங்க. ஒரு ராத்திரி கருப்புத் துணி விரிச்சு அவள நிக்க வச்சு சீவிட்டிருக்கேன், உதிர்ந்த பொடுகு துணி மேல கிடக்கு, மொபைல் டார்ச் அடிச்சு குனிஞ்சு பாத்தா அதுல ஒண்ணு நகருது. காத்துல ஆடுதுன்னு ஃபேன நிறுத்துனேன். அப்பவும் நகருது! உடம்பெல்லாம் கூசிருச்சு. உடனே செலோடேப்ல ஒட்டி எடுத்து மறுநாள் டாக்டர்கிட்ட குடுத்தேன், மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு செய்லெட்டியெல்லா, ரொம்பச் சின்ன ஒரு வகை உண்ணிப்பூச்சி (மைட்)ன்னாங்க. தோலுக்கு மேலயே வாழுமாம், அது நகரும்போது செதிலும் சேந்து நகருது. என் முன்கையிலயும் வயித்துலயும் சிவப்பு சிவப்பா தடிச்சு அரிச்சதுக்கும் இதுதான் காரணம், மனுஷங்களுக்கும் தொத்தும். பூனைக்கும் சேத்து மருந்து போட்டோம், படுக்கை எல்லாம் வெந்நீர்ல அலசுனோம். இப்பவும் அவ மேல வெள்ளையா ஏதாச்சும் தெரிஞ்சா டார்ச்ச எடுத்துருவேன்.

ரோமி அண்ணன்:
எங்க லேப்ரடாருக்கு வேற கதை. ரெண்டு விலாவுலயும் ஒரே மாதிரி முடி போச்சு, வால் மொழுமொழுன்னு ஆயிருச்சு, செதில் உதிருது, ஆனா சொறியவே மாட்டான். சொறியாத நாய்க்கு அலர்ஜின்னு சொல்லி மாத்தி மாத்தி ஊசி போட்டாங்க, அத நெனச்சா இன்னும் கடுப்பு வருது. கடைசியா பாத்த டாக்டர் தோலத் தொடக்கூட இல்ல, முதல் கேள்வியே "வெயில் விழுற இடமாத் தேடித் தேடி படுக்குறானா?"ன்னுதான். நான் அப்படியே நின்னுட்டேன், ஏன்னா வீட்ல கதகதப்பான மூலை எதுன்னு அவனக் கேட்டாத்தான் தெரியும். சாப்பாடு அதே அளவு ஆனா வெயிட் ஏறுது, எந்நேரமும் தூக்கம், எல்லாமே ஒத்துப்போச்சு. ரத்தத்துல தைராய்டு சுரக்குற டி4 ஹார்மோன் கம்மி, அத சுரக்கச் சொல்ற டிஎஸ்எச் ஜாஸ்தி. தைராய்டு. லெவோதைராக்சின்ங்குற தைராய்டு மாத்திரை காலைல சாயங்காலம். முதல்ல சுறுசுறுப்பு வந்துச்சு, முடி வர மாசக்கணக்குல ஆச்சு, அதுக்கு முன்னாடி பழைய முடி இன்னும் ஜாஸ்தியா கொட்டும், பயந்து மாத்திரைய நிறுத்திராதீங்க. முடி கொட்டுற எல்லாரும் தைராய்டு டெஸ்ட் எடுத்துருங்க, அவ்ளோதான்.

டாபர்மேன் கை:
ரோமி அண்ணன், "எல்லாரும்"னு சொல்லாதீங்க ப்ளீஸ். எங்க பயலுக்கு டி4 கம்மியா வந்துச்சு, ஆனா தைராய்டு பிரச்சனையே கிடையாது, அப்ப அவன் காதுக்காக ஸ்டீராய்டு மாத்திரைல இருந்தான். ஸ்டீராய்டு, வலிப்புக்கு குடுக்குற ஃபீனோபார்பிட்டால், சில சல்ஃபா மருந்து எல்லாமே டி4-ஐ இறக்கும், நாய்க்கு வேற ஏதாவது வியாதி இருந்தாலும் இறங்கும். தனியா அந்த ஒரு நம்பர வச்சு வாழ்நாள் மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது. மருந்த நிறுத்தி கொஞ்ச நாள் விட்டு எடுத்தப்ப நார்மல். என் அனுபவம் இவ்ளோதான்.

ஆனா ஒண்ணு சொல்லிக்குறேன். மொதல்ல பூச்சி, பூஞ்சை ரெண்டும் இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க, தோல சுரண்டிப் பாக்குறது சுலபமான டெஸ்ட், அதுல டெமோடெக்ஸ்ங்குற முடிவேர்ப் பூச்சி பெரும்பாலும் மாட்டிரும். சொறிப்பூச்சி அப்படி இல்ல, இருந்தும் தெரியாமப் போகும், அதனால காது ஓரமும் முழங்கையும் அரிச்சு முடி போனா பூச்சி தெரியலன்னாலும் அதுக்கு மருந்து குடுத்துப் பாப்பாங்க. வட்டமா முடி போனா படர்தாமரைக்கு கல்ச்சர் (பூஞ்சை வளருதான்னு பாக்குற டெஸ்ட்) வைக்கச் சொல்லுங்க, ஊதா லைட் அடிச்சு மினுங்கலன்னு சந்தோஷப்படாதீங்க, எல்லா வகையும் மினுங்காது. வால் அடியிலயும் இடுப்புலயும் மட்டும்னா தெள்ளு. மருந்து ஷாம்பு போட்டா 10 நிமிஷம் ஊற விடணும், போட்டவுடனே கழுவுனா காசுக்கு கேடு. மனுஷ ஷாம்பு வேணாம், டீ ட்ரீ எண்ணெய் வேணவே வேணாம், அது விஷம். துத்தநாக ஆக்சைடு கிரீமும் தடவாதீங்க, நக்கிருவாங்க. எண்ணெய் தடவுறதே வேஸ்ட், பிசுபிசுன்னு ஆகி அழுக்குதான் சேரும்.

பஞ்சு மம்மி:
பாமெரேனியன். வெயில் தாங்கலன்னு க்ரூமர் முழுசா வழிச்சுட்டாரு, நான் ட்ரிம் மட்டும்னு சொல்லிட்டு போன் பேச வெளிய போனேன். திரும்பி வந்தா என் நாய் எதுன்னே தெரியல, அதுவும் என்னப் பாக்காம சுவரப் பாத்துட்டு உக்காந்திருக்கு. ரெட்டை அடுக்கு முடி இருக்குற நாய்களுக்கு வழிச்சா சில சமயம் திரும்ப வளராதுன்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாங்க. முதுகுல இன்னும் திட்டுத் திட்டா இருக்கு. அவ்ளோதான், அழுகையா வருது.

சுருள் முடி:
@டாபர்மேன் கை எண்ணெய் வேஸ்ட்டா? எங்க ஸ்டாண்டர்டு பூடிலுக்கு டாக்டரே எண்ணெய்தான் எழுதினாங்க. முடிய ரெண்டு விரல்ல லேசா இழுத்தா கொத்தா வரும், ஒவ்வொரு முடியையும் வேர்ல சுத்தி மெழுகாட்டம் செதில் ஒட்டியிருக்கும், வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தப்ப வயித்தப் பிசைஞ்சுச்சு. பயாப்ஸி (தோல்ல துளி வெட்டி எடுத்துப் பாக்குறது) எடுத்தாங்க, செபேஷியஸ் அடினைட்டிஸ். தோலுக்கு எண்ணெய் சுரக்குற சுரப்பியையே உடம்பு தாக்கி அழிச்சிருது. சுரக்காத எண்ணெய வெளியில இருந்து குடுக்கணும்ல? பேபி ஆயில ஊற வச்சு, அப்புறம் ஷாம்பு போட்டு கழுவி எடுக்கணும், கூடவே அந்தத் தாக்குதல அடக்க சைக்ளோஸ்போரின் மருந்து. பூடில், அகிட்டா வச்சிருக்கவங்களுக்கு சுரண்டல்ல ஒண்ணும் தெரியலன்னா பயாப்ஸி பத்தி கேளுங்க.

டாபர்மேன் கை:
அது டாக்டர் சொல்லி செய்யுறது, நான் சொன்னது வீட்டுல அவங்கவங்களா தடவுறத.

சுருள் முடி:
அப்ப அப்படியே எழுதியிருக்கணும்ல.

கருப்பி வீடு:
சண்டை போடாதீங்கப்பா. ரோமி அண்ணன், எங்க அக்கா நாய்க்கும் தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க, திரும்ப டெஸ்ட் எடுக்க காலைல வெறும் வயித்துல கூட்டிட்டு போகணுமா?

ரோமி அண்ணன்:
எங்களுக்கு காலை மாத்திரைய குடுத்து 4-லருந்து 6 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க, மாத்திரை குடுத்த டைம எழுதிட்டு போங்க, அதத்தான் முதல்ல கேப்பாங்க. சாப்பாடு குடுக்கலாமா வேணாமான்னு அவங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கச் சொல்லுங்க. டாபர்மேன் கை, உங்க பயலுக்கு அப்புறம் முடி வந்துச்சா இல்லையா, அத சொல்லாம ஷாம்பு பத்தி எழுதிட்டு போயிட்டீங்க.