வென்றால் போதுமா? சுன்னாகம்சந்திக்கு ஒரு கேள்வி

கொக்குவில்காரன்:
முந்தநாள் பிரதேச சபை பற்றிய இழையில் சுன்னாகம்சந்தி எழுதியதை அப்படியே போடுகிறேன்: "கட்சி தொடங்குவது வெல்வதற்கு. நாட்டு நலன், மக்கள் நலன் எல்லாம் வென்ற பிறகு பார்க்கிற வேலை. தோற்றவன் பேச்சை நாய்கூடக் கேட்காது." இதற்குக் கை தட்ட நாலு பேர் வேறு. வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இந்த நாடு கெட்டதே இந்தப் புத்தியால்தான். 1954இல் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல யாழ்ப்பாணம் வந்தார். எங்கள் கொக்குவில் இந்துக் கல்லூரியில் வரவேற்பு. சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தெற்கில் சத்தம் கிளம்பியது. 1956 தேர்தலுக்கு முன் களனியில் கூடிய அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) 'சிங்களம் மட்டும்' என்று தலைகீழாக மாறியது. வெல்லத்தானே மாறினார்கள்? கிடைத்தது 8 ஆசனம். வென்று பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் அடுத்த வருடம் தமிழ்ப் பகுதிகளுக்குச் சில அதிகாரங்கள் தரும் பண்டா - செல்வா ஒப்பந்தம் செய்ததும், ஐ.தே.க.வின் ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்குப் பாதயாத்திரை போய் அதையும் கிழிக்க வைத்தார். விட்ட தேர்தலைப் பிடிக்கிற ஆசை. அதற்கு எத்தனை தலைமுறை விலை கொடுத்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

சுன்னாகம்சந்தி:
கண்டிக்குப் போனாரா? யார் சொன்னது? யாத்திரை கடவத்தை தாண்டி இம்புல்கொடவில் நின்றுபோனது. கம்பஹா எம்.பி. எஸ்.டி. பண்டாரநாயக்க ஆட்களோடு றோட்டை மறித்தார், ஜே.ஆர். திரும்பினார். அது 1957 ஒக்டோபர். ஒப்பந்தம் கைவிடப்பட்டது 1958 ஏப்ரல் 9. இடையில் ஆறு மாதம். பாதி வழியில் திரும்பியவர் எப்படி ஐயா ஒப்பந்தத்தைக் கிழிக்க வைப்பார்? சரித்திரம் படிப்பிக்க வந்தால் வரைபடத்தையும் ஒருக்கால் பாருங்கள்.

கொக்குவில்காரன்:
கண்டிக்கு என்று புறப்பட்ட யாத்திரை என்பதைத்தான் சொன்னேன். எங்கே நின்றது என்பது கேள்வியே இல்லை. நான் கேட்டது வெற்றியா நலனா என்று. நீங்கள் கிலோமீற்றர் கணக்குக் காட்டுகிறீர்கள்.

சுன்னாகம்சந்தி:
"கண்டிக்குப் பாதயாத்திரை போய்" என்று எழுதியது நீங்கள். மேலே அப்படியே கிடக்கிறது. போகவில்லை. இம்புல்கொட.

பருத்தித்துறை மாஸ்டர்:
இரண்டு பேரும் பொறுங்கள். ஒப்பந்தம் போனது றொஸ்மீட் பிளேசில். பிரதமரின் வீட்டு வாசலில் பிக்குமார் வந்து இருந்தார்கள். கைவிடுகிறேன் என்று எழுத்தில் தா என்றார்கள், பண்டாரநாயக்க எழுதிக் கொடுத்தார். ஆகவே பழி முதலில் ஆளுங்கட்சிக்கு. இன்னொன்றும் இருக்கிறது, அதை எங்கள் ஆட்கள் பேச விரும்புவதில்லை. அந்த வருடம் அரசுடைமையான பஸ்கள் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட இலக்கத்தகட்டோடு வடக்குக்கு வந்தன. தமிழரசுக் கட்சி அந்த எழுத்தின்மேல் தார் பூசும் போராட்டம் தொடங்கியது. கையில் ஒப்பந்தம் இருக்கும்போது அது தேவைதானா? பொறுமையாக இருந்தால் வாக்குப் போய்விடும் என்ற பயம் எங்கள் பக்கத்திலும் இருந்தது.

கொக்குவில்காரன்:
மாஸ்டர், உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் தார் பூசினவனையும் ஒப்பந்தத்தைக் கிழித்தவனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அரசாங்கமே அந்தத் தகட்டை இங்கே அனுப்பியது. பேசாமல் இருந்திருந்தால் அதையும் சம்மதம் என்றிருப்பார்கள். இம்புல்கொடக் கதைக்கும் பதில் சொல்கிறேன். யாத்திரை கண்டிக்குப் போய்ச் சேரவேண்டிய தேவையே இருக்கவில்லை. 'தமிழனுக்கு நாட்டை விற்கிறார்கள்' என்று தெற்கில் கூவினால் வாக்கு விழும் என்று காட்டியதே அதன் வேலை. அந்த வேலை முடிந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு கட்சியாக அதே வழியில் போனது. 1965இல் ஐ.தே.க.வின் டட்லி சேனநாயக்கவோடு செல்வநாயகம் செய்த டட்லி - செல்வா ஒப்பந்தம். இந்தமுறை டட்லி ஆட்சியில், பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி எதிரணியில். 1966 ஜனவரியில், தமிழை அரச அலுவல்களில் பயன்படுத்த இடம் தந்த தமிழ்மொழி விதிகளுக்கு எதிராகக் கொழும்பில் ஊர்வலம். அதில் யார் நின்றது தெரியுமா? 1956இல் தமிழுக்குச் சம அந்தஸ்துக் கேட்டு வாதாடிய இடதுசாரிச் சமசமாஜக் கட்சி! பத்தே வருடம். 2000 ஆகஸ்டில் சந்திரிகா புதிய அரசியலமைப்பு வரைவைக் கொண்டுவந்தபோது ஐ.தே.க. பாராளுமன்றத்துக்குள்ளேயே அதன் பிரதியைக் கொளுத்தியது. வென்ற பிறகு நாட்டைப் பார்க்கலாம் என்கிறீர்களே, வென்ற பிறகு பார்த்த ஒருவரைச் சொல்லுங்கள்.

சுன்னாகம்சந்தி:
நீங்களே என் பக்கம் வந்து சேர்ந்துவிட்டீர்கள். சமசமாஜம் 1956இல் நியாயம் பேசியது. பேசி என்ன கிடைத்தது? ஆட்சிக்கு வெளியே நின்று நியாயம் பேசினால் ஒரு சட்டத்தையும் தடுக்க முடியாது என்று விளங்கித்தான் மாறினார்கள். இம்புல்கொடவில் நின்ற யாத்திரை எப்படி ஆறு மாதம் கழித்து வேலை செய்தது என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

மாதகல்கரை:
நீங்கள் இம்புல்கொடவில் நில்லுங்கள், நாங்கள் கடலில் நிற்கிறோம். இரவு வலை பாய்ச்சிவிட்டு விடியப் போனால் மிதப்பும் அறுந்த கயிறும்தான் மிச்சம். வலை இழுவைப்படகோடு போய்விடும். ஒரு வலைத்தொகுதி போனால் வட்டிக்கு எடுத்துத்தான் மறுபடி தொழில். கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலையைச் சட்டத்தால் தடைசெய்யத் தனிநபர் பிரேரணை கொண்டுவந்தவர் தமிழரசுக் கட்சியின் சுமந்திரன். 2017இல் அது சட்டமானது. இந்தியப் படகுக்கு மட்டும் இல்லை, இங்கே இழுவைமடி வைத்திருக்கிற எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத் தடை. அந்த வாக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்தார். கட்சி என்றால் அதைச் செய்யவேண்டும்.

சுன்னாகம்சந்தி:
2024 பாராளுமன்றத் தேர்தலில் அவர் வென்றாரா?

மாதகல்கரை:
அவர் தோற்றது இழுவைமடித் தடையால் இல்லை.

சுன்னாகம்சந்தி:
வென்றாரா இல்லையா? ஒரு சொல்லில் பதில் போதும்.

டொரண்டோ தம்பி:
அவர் தோற்றது தமிழ்ப் பொது வேட்பாளரை எதிர்த்ததால். ஜனாதிபதித் தேர்தலில் அந்தப் பொது வேட்பாளர் அரியநேத்திரனை விட்டுவிட்டு சஜித் பிரேமதாசவுக்குப் போடச் சொன்னது அவருடைய கட்சி, சனம் பாடம் படிப்பித்தது. பிறகு வீடு, சைக்கிள், சங்கு, மான் என்று ஆளுக்கொரு சின்னத்தில் சிதறினீர்கள். யாழ்ப்பாணத்தின் 6 ஆசனத்தில் 3 தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போனது. வெட்கம்.

சுன்னாகம்சந்தி:
தம்பி, எங்களுக்கு யாருக்குப் போடுவது என்று சொல்ல அங்கே பனிக்குள் இருந்து வரவேண்டாம். வாசிகசாலைக் கூரைக்குத் தருவதாக இங்கேயே அறிவித்த காசு எங்கே? மழை வந்தால் பத்திரிகை வாசிக்கக் குடை பிடிக்கவேண்டியிருக்கிறது.

டொரண்டோ தம்பி:
காசை யாரிடம் கொடுப்பது என்று நிர்வாகசபை அடிபட்டது. அதில் நீங்களும் இருந்தீர்கள். வாயைத் திறக்க வைக்காதீர்கள்.

பருத்தித்துறை மாஸ்டர்:
வாசிகசாலைக் கதைக்கு வேறு இழை இருக்கிறது.

கொக்குவில்காரன்:
விடுங்கள் மாஸ்டர், அந்தச் சண்டையிலேயே விசயம் இருக்கிறது. ஒரு கூரைக்கு வந்த காசை, எந்த அணிக்குப் பேர் போகும் என்று பார்த்து நிறுத்தியவர்கள் நாளைக்குச் சபைக்குப் போய் வாய்க்கால் வெட்டுவார்களா? போன தேர்தலுக்கு முன்கிழமை எங்கள் ஒழுங்கைக்குக் கிரவல் வந்தது. வேட்பாளரின் ஆதரவாளர்கள் இருந்த வீடுகள் வரைக்கும் கொட்டினார்கள். அதற்கு அப்பால் ஒரு கிழவி தனியாக இருக்கிறார், அவருடைய படலையில் இன்றைக்கும் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். அவர் யாருக்கு வாக்குப் போட்டார் என்று கேட்டா மழை பெய்கிறது? வென்று வந்தவர் இதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இதுதான் உங்கள் 'வென்ற பிறகு'.

சுன்னாகம்சந்தி:
அந்தக் கிழவிக்காகக் கதைக்கிற உங்கள் ஆள் வென்றிருந்தால் கிரவல் போட்டிருப்பார். தோற்றார், போடவில்லை. நான் சொன்னதும் அதுதான். யாத்திரை விசயத்தில் பிழையாக எழுதினேன் என்று ஒரு வரி போடுங்கள், பிறகு கிரவலைப் பற்றிக் கதைப்போம்.

கொக்குவில்காரன்:
போடமாட்டேன். கண்டிக்கென்று புறப்பட்டார், நாட்டைக் கெடுத்தார். அதில் ஒரு எழுத்தும் பிழை இல்லை.

மாதகல்கரை:
எங்கள் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. தோற்போம் என்ற பயத்தில் தேர்தலையே வைக்காமல் இருப்பது எந்த வகை வெற்றி என்று சுன்னாகம்சந்தி சொல்லட்டும்.

சுன்னாகம்சந்தி:
முதலில் இம்புல்கொட.