புதுப்பிப்பு: பழைய காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சரியாகிவிட்டது

பழைய காரில் பிரேக் பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது, புது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தை அழுத்தித் தள்ளும் உருளை) எங்கும் கிடைக்கவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சிலிண்டரின் உள்சுவரில் துருக்குழிகள் இருந்ததால் சீல் (திரவம் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றுவது மட்டும் போதவில்லை. துளையைக் கடைந்து, துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் (உள் உறைக்குழாய்) இறக்கி, பழைய அளவுக்கே (19.05 மி.மீ., முக்கால் அங்குலம்) கொண்டுவரச் சொன்ன யோசனைதான் பலித்தது. சீலை வண்டிப் பெயரால் தேடாமல் அளவைச் சொல்லித் தேடுங்கள், கிடைக்கும். டாட் 3, டாட் 4 வகை பிரேக் திரவத்துக்கு இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் செய்த சீல் ஒத்துப்போகும்; அந்த ரப்பரில் மினரல் ஆயில் படவே கூடாது, உப்பிவிடும்.

எதிர்பாராதது ஒன்று: அதன் பிறகும் ஒரு முன்சக்கரம் இறுகியே நின்றது. அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸுக்கு மேலேயுள்ள குழாய் நட்டைத் தளர்த்தியும் பிடி விடவில்லை. காலிப்பரின் (சக்கரத்தில் பிரேக்கை இறுக்கும் பகுதி) ப்ளீடரை, அதாவது திரவத்தை வெளியேற்றும் திருகைத் திறந்ததும் விட்டது; அழுத்தம் ஹோஸுக்குக் கீழே சிக்கியிருந்தது. வெளியே நன்றாகத் தெரிந்த அந்த ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருந்தது. அதையும் மாற்றியாயிற்று.