எஸ்எஸ்எச் (தூரத்தில இருந்து சேர்வருக்குள்ள போற வழி) பூட்டுறதில ஒரு கேள்வி, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

கல்முனையில ஒரு கடைக்கணக்கு ஓடுற கிளவுட் சேர்வர், உபுண்டு 24.04. உள்ள போறது மூன்று பேர்: ரெண்டு பேர் மட்டக்களப்பு, ஒருவர் அக்கரைப்பற்று.

தனித்தனி யூசர், ஈடி25519 கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா வைக்கிற டிஜிட்டல் சாவி), ரூட் (முழு அதிகார யூசர்) லொகின் நிறுத்தம், எல்லாம் முடிஞ்சுது. பாஸ்வேர்ட் லொகினை நிறுத்துறதுதான் இழுத்தடிச்சது. பிரதான கொன்ஃபிக் ஃபைலில 'நோ' போட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்த்தா, துணை ஃபோல்டருக்குள்ள 50 என்று தொடங்குற கிளவுட்-இனிட் (சேர்வரை முதல் தடவை தயார்ப்படுத்துற மென்பொருள்) ஃபைலில 'யெஸ்' கிடக்கு. அந்த ஃபோல்டரைத்தான் முதல் வாசிக்கும். முதல் வந்த பெறுமதிதான் நிக்கும். எஸ்எஸ்எச்டி கொமாண்டுக்குப் பின்னால '-T' (பெரிய எழுத்து) போட்டா உண்மையில எது நடப்பில என்று காட்டும்.

போர்ட் மாத்துறவங்க கவனிங்க: இந்தப் பதிப்பில போர்ட்டைப் பிடிச்சிருக்கிறது சிஸ்டம்டியின்ட எஸ்எஸ்எச் சொக்கெட், எஸ்எஸ்எச் சேர்விஸ் இல்ல. டீமன் ரீலோட் குடுத்து எஸ்எஸ்எச் சொக்கெட்டை ரீஸ்டார்ட் பண்ணாட்டி பழைய 22தான். திறந்திருக்கிற செஷனை மட்டும் மூடிடாதீங்க, புது விண்டோவில சோதிச்சுப் பாருங்க.

இப்ப கேள்வி. மூன்று பேரும் மொபைல் டேட்டா, ஐபி மாறிக்கொண்டே இருக்கும். ஃபயர்வோலில ஐபி எழுத ஏலாது. ஒரே ஐபியைப் பலர் பகிர்றதால, ஃபெயில்2பேன் (பிழையான லொகின் கூடினா அந்த ஐபியைத் தடுக்கிற மென்பொருள்) போட்டா ஆரோ செய்த பிழைக்கு நம்மட ஆளும் பூட்டுப்படலாம். வயர்கார்ட் (விபிஎன்) போட்டு 22ஐ வெளிய முழுசா மூடவா? அது விழுந்தா கிளவுட் கொம்பனியின்ட கொன்சோல் மட்டும்தான் வழி. மொபைல் டேட்டாவில ஓட்டுறவங்க, வயர்கார்ட் கீப்அலைவ் (இணைப்பு அறாம இருக்க இடைக்கிடை அனுப்புற சிக்னல்) 25 செக்கன் போதுமா?