கொள்ளுத்தாத்தாவின் ஊர் எது? உதவுங்கள், அவசரம்

புதுமுகம்: வணக்கம். என் கொள்ளுத்தாத்தா முனுசாமி கப்பலேறிக் கூலி வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. கொள்ளுப்பாட்டி கைக்குழந்தையோடு (அதுதான் என் தாத்தா) தாய்வீட்டுக்கே வந்துவிட்டார். அதனால் அவருடைய சொந்த ஊர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பட்டியலில் தேடினால் முனுசாமிகளாகக் கொட்டுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

கடலோடி: எந்த நாடு? எந்த ஆண்டு? எந்தப் பட்டியல்?

மரபணுப்பித்தன்: டிஎன்ஏ பரிசோதனை செய்துவிடுங்கள். அங்கே அவருக்கு வாரிசு இருந்தால் உறவு தானாக வந்து நிற்கும்.

ஏட்டுச்சுவடி: மாதாமாதம் இதே கேள்வி. பழைய இழைகளைப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. மொரீஷியஸ் என்றால் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. கங்காணி (கூலியாட்களைத் திரட்டிப் போகும் மேஸ்திரி) வழியாக மலாயா போயிருந்தால் ஆளுக்கொரு பதிவு கிடைப்பது அரிது. நாட்டின் பெயரைக்கூடச் சொல்லாமல் 'அவசரம்' என்றால், நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்?

புதுமுகம்: மன்னிக்கவும் ஐயா. தென்னாப்பிரிக்காவின் நேட்டால். பழைய கடித உறையில் டர்பன் முத்திரை இருக்கிறது. 1905 வாக்கில் போயிருப்பார்.

கடலோடி: அப்படியானால் வழி இருக்கிறது. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்குப் போனார்கள். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஓர் எண், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுக்கா, கிராமம் எல்லாம் உண்டு. குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனுசாமி அங்கே மூன்சாமியாகவும் இருப்பார், முனியசாமியாகவும் இருப்பார். அதனால் அப்பா பெயரை வைத்துத் தேடுங்கள்.

புதுமுகம்: அதுதான் தெரியாதே.

தாமரை: உங்கள் தாத்தா தலைமகனா? மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம்தானே. அவர் பெயரை அப்பா பத்தியில் போட்டுப் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி: மரபணுப்பித்தன், டிஎன்ஏவில் கொள்ளுத்தாத்தாவின் பங்கு சராசரியாக 12.5 சதவீதம்தான். அதில் ஊர் பெயர் எழுதியிருக்காது.

மரபணுப்பித்தன்: ஊரைச் சொல்லும் என்று நான் எங்கே சொன்னேன்? உறவைக் காட்டும். அந்த வீட்டுப் பெட்டியில் அவருடைய எண் உள்ள தாள் இருக்கலாம்.

ஏட்டுச்சுவடி: இருக்கலாம், இருக்கலாம். இப்படியே காலம் போகிறது.

தாமரை: சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள் இருவரும்.

புதுமுகம்: தாத்தா தலைமகன்தான், பெயர் வேங்கடாசலம். அப்பா பெயர் அப்படி உள்ள முனுசாமி ஒரே ஒருவர், வட ஆற்காடு ஜில்லா. ஆனால் அந்தக் கிராமம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எதிலும் இல்லை.

ஏட்டுச்சுவடி: அப்படியென்றால் ஆள் மாறிவிட்டது.

தாமரை: அவசரப்படாதீர்கள். சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல். அதற்கு முன்பு அந்தப் பக்கத்துத் தாலுக்காக்கள் வட ஆற்காட்டில்தான் இருந்தன. தாலுக்கா பத்தியில் என்ன போட்டிருக்கிறது?

புதுமுகம்: பலமநேர்.

கடலோடி: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! ஆந்திராவில் தேடுங்கள். அப்புறம், ஒருவர்தான் பொருந்துகிறார் என்பதற்காக முடிவு கட்டிவிடாதீர்கள். வயதும் கப்பல் போய்ச் சேர்ந்த ஆண்டும் தாத்தா பிறந்த ஆண்டோடு ஒத்துவருகிறதா?

புதுமுகம்: வருகிறது. கிராமமும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறோம். எல்லாருக்கும் நன்றி.

மரபணுப்பித்தன்: பங்காளி யாராவது அகப்பட்டால் பரிசோதனைக்குச் சம்மதம் கேளுங்கள்.

ஏட்டுச்சுவடி: ஆரம்பித்துவிட்டார்.